வினாவும் வாய்மையும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்த ஊர். 1925-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23-ஆம் நாள் அவர் அங்கே உயிர் நீத்தார். 1908-இல் சிறைப்பட்ட அவர், 1912-இல் தொழுநோயுடன் வெளிவந்தார். எனினும், அடுத்த ஆண்டே 'ஞானபாநு' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். நோயும் வறுமையும் அவர்தம் எழுதுகோலை வளைக்கவில்லை. இதழ் நடத்துவோர்க்குப் பொருளினும் முதற்கண் வேண்டுவது நெஞ்சுரமே என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அந்நெஞ்சுரம் அரசியல் எழுதுவோர்க்கு மட்டும் உரியதன்று; விளையாட்டுச் செய்தி எழுதுவோர்க்கும் உரியது. வென்றவர் பெயரையும் தோற்றவர் பெயரையும் எழுதுவதில் அறத்துக்கு என்ன வேலை என்று சிலர் கருதலாம். அங்ஙனம் கருதுவது பிழை.

தருமபுரியில் விளையாட்டு இதழ் ஒன்றைத் தாமே நடத்தும் செய்தியாளர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் தொப்பூர்க் கணவாயைக் கடந்து, சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவைக் காணச் செல்கிறார். மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். அம்மைந்தர் 2016-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில், 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார்.

செய்தியாளர் முன் இருவகை வினாக்கள் நிற்கின்றன. விபத்தையும் வறுமையையும் மீண்டும் மீண்டும் கிளறிக் கண்ணீர் வருவிப்பது ஒருவகை. அதனால் இதழ் மிகுதியாக விற்கும். எத்தனை அடி ஓடினீர், எக்காலை ஊன்றி எழுந்தீர் என்று கலையை வினவுவது மற்றொரு வகை. டோக்கியோ நகரில் 2021-இல் நடந்த போட்டியில் மாரியப்பன் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அன்று பெய்த மழையில் காலுறை நனைந்தமையால் தாண்டுதல் கடினமாயிற்று என்று அவர் பின்னர்க் கூறினார். துன்பத்தை மட்டும் தேடுபவர் காதில் இத்தகைய நுட்பம் விழாது. மாரியப்பனை இரக்கத்துக்கு உரியவராகக் காண்பவர் அவர் காலைக் காண்பார். வீரராகக் காண்பவர் அவர் கடந்த உயரத்தைக் காண்பார்.

புகழ்வதிலும் வாய்மை தவறலாம். ரியோ நகரில் அதே ஆண்டு, பார்வைக் குறைபாடு உடையோர்க்கான 1500 மீட்டர் ஓட்டத்தை அல்சீரிய வீரர் அப்துல்லத்தீப் பக்கா 3 நிமிடம் 48.29 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்கில் அதே தொலைவை வென்றவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 50 நொடி. இவ்விரண்டையும் அருகருகே வைத்து உலகெங்கும் வியந்து எழுதினர். கணக்கில் பிழையில்லை. ஆயினும், அவ்வொலிம்பிக் ஓட்டத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் நோக்கி மெல்ல ஓடி, இறுதியிலேயே விரைந்தனர். 1932-க்குப் பின் அத்துணை மெதுவாக எவரும் அப்பதக்கத்தை வென்றதில்லை. இதனையும் சேர்த்து உரைப்பவரே நேர்மையாளர். பக்காவின் பெருமை அதனால் ஒரு சிறிதும் குன்றாது. பாதி உண்மையைத் துணைக்கழைக்கும் தேவை பெருமைக்கு இல்லை.

தனியே இதழ் நடத்துபவரைத் திருத்த மேலாசிரியர் இலர். அவருக்கு அவர் நெஞ்சமே மேலாசிரியர். மறைவாக வைக்குமாறு வேண்டிச் சொன்னதை அச்சிடாமையும், சொல்லாததைச் சொன்னதாக எழுதாமையும், பிழை நேர்ந்தால் வெளிப்படையாகத் திருத்துதலும் அவர் கடன். விளம்பரம் தருவோரின் குறையைக் கண்டவிடத்தும் அவர் எழுதுகோல் தயங்கலாகாது.

பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். உண்மையை அஞ்சாது உரைத்தல் அதன் ஒரு பாதி. உரைக்கும் போது எளியவர் நெஞ்சைப் புண்படுத்தாமை மறுபாதி. பெரியவடகம்பட்டியிலிருந்து மீளும் செய்தியாளர், தம் இதழை மாரியப்பன் கையில் நாணமின்றிக் கொடுக்க இயலுமாயின், அவர் தம் கடமையைச் செய்தவர் ஆவார்.