நங்கூரச் சங்கிலி

பஃபலோ சாலையில் எனக்கு வாடிக்கையாகப் பூக்கட்டிக் கொடுக்கும் அம்மாள், பிரயாணத்துக்கு முந்தின நாள் நான் இரண்டு முழம் மல்லிகை கேட்டு நின்றால், "கப்பலுக்கா தம்பி? காத்து எப்படி?" என்று விசாரிப்பார். முப்பதடிப் பாய்ப்படகைக் கப்பல் என்று அவர் கெளரவிப்பதை நான் மறுப்பதில்லை. காற்றைப் பற்றித்தான் அவருக்கு நேர்மையான விடை சொல்ல வழியில்லை. பூமத்திய ரேகையை ஒட்டிக் கிடக்கும் இந்தச் சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை வாடையும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசுவதாகச் சாஸ்திரம் இருந்தபோதிலும், இடைப்பட்ட மாதங்களில் எங்கள் பாய், கொடியில் உலர்த்திய வேட்டியைப் போல் அசைவற்றுத் தொங்குவதே வழக்கம்.

இங்கே எஜமான் காற்றல்ல, நீரோட்டம். சோழமண்டலக் கரை மீனவர் 'நீவாடு' என்று சொல்வது அதைத்தான். ஐந்து நாட் வேகத்தில் போகக்கூடிய படகுக்கு எதிராக மூன்று நாட் வேகத்தில் நீர் ஓடினால், நாள் முழுவதும் பிரயாணம் செய்த பிரமையோடு, காலையில் பார்த்த அதே கரைவிளக்கை மாலையிலும் தரிசிக்கலாம். ஆகையால் சாங்கியிலிருந்து கிழக்கே சென்று, 1851 முதல் எரிந்து வரும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைத் தூரத்தில் வலப்புறம் விட்டு, ஜொகூர் முனையைச் சுற்றி வடக்கே சிபு, திங்கி, தியோமான் தீவுகளுக்குத் திரும்ப விரும்புகிறவன், புறப்படும் நேரத்தைத் தன் செளகரியத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது; நீர் எப்போது கிழக்கே திரும்புகிறதோ அப்போதுதான் அவனுக்கு முகூர்த்தம்.

நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துவந்த என் பாட்டனார் உயிரோடிருந்தால், பணம் செலவழித்துக் கடலில் அவதிப்படும் பேரனைக் கண்டு சிரித்திருப்பார். ஆனால் இது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு மட்டுமே என்ற அபிப்பிராயத்தை நான் ஏற்பதில்லை. வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறையை அடைந்ததே!

பார்க்கிறவர்கள் பாயைப் பார்க்கிறார்கள். நான் கற்றுக்கொள்ள அதிக வருஷங்கள் பிடித்ததோ நிற்கிற வித்தை. சிபுத் தீவின் மேற்குப் பக்கத்தில் ஒருமுறை, வற்றத்தில் ஐந்து மீட்டர் ஆழம் கண்டு, பதினைந்து மீட்டர் சங்கிலியை இறக்கிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று நிம்மதியாக உறங்கினேன். ஏற்றத்தில் ஆழம் எட்டு மீட்டராகும் என்பதையும், ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டாலொழிய நங்கூரம் படுத்து மண்ணைக் கவ்வாது என்பதையும் ஏட்டில் படித்திருந்தேன். கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. விடியுமுன் மேற்கே கரிய வில்லைப் போல் ஒரு மேகம் எழுந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இங்கே அடிக்கடி வரும் 'சுமத்ரா' என்னும் புயல்மழை அது. குளிர்ந்த காற்று முதலில் முகத்தில் அறைந்தது. அடுத்த நிமிஷம் மழையில் கரை மறைந்தது. படகின் முன்முனையான அணியத்துக்குத் தவழ்ந்து போய்ச் சங்கிலியின்மீது உள்ளங்கையை வைத்தேன். மண்ணில் ஊன்றிய நங்கூரத்தின் சங்கிலி விறைத்து மெளனமாக இருக்கும். என் கையிலோ, கல்லின்மேல் வண்டிச் சக்கரம் உருளுவது போன்ற கடகடப்பு ஏறியது. படகு பவளப்பாறையை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினை முடுக்கி, காற்றுக்கு முகம் கொடுத்து நின்று, ஒரு மணி நேரம் சுக்கானைப் பிடித்திருந்தேன். பகல்வெளிச்சத்தில் அளந்து பார்த்தபோது, பாறைக்கும் எனக்கும் இடையே இரண்டு படகு நீளம் இருந்தது.

இப்போதெல்லாம் நாற்பது மீட்டருக்குக் குறைத்து விடுவதில்லை. இறக்கிய பிறகு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, சங்கிலியில் கைவைத்துக் கேட்டு, கரையில் இரண்டு தென்னைகளை ஒரே கோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, அவை விலகவில்லை என்று அரைமணி பார்த்த பின்புதான் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். என்னுடன் வரும் இளைஞனுக்கு இது பொறுக்காது. "அண்ணே, போதும்ணே, பசிக்குது" என்பான். அவனை அணியத்துக்கு அனுப்பி, நீயும் ஒருமுறை கைவைத்துப் பார் என்பேன்.