எழுபது வளைவுகளுக்கு அப்பால் அறப்பளீசுவரர்

சேலத்திலிருந்து திருவரங்கத்துக்கு மிதிவண்டியில் யாத்திரை புறப்பட்டேன். முதல் இரவு நாமக்கல்லில். கூரையின்றி, கூப்பிய கரங்களுடன் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரை வணங்கி நின்றபோது, அருகிலுள்ள கொல்லிமலை நினைவுக்கு வந்தது. அறுபட்ட மீனைப் பொருத்தி உயிர்ப்பித்தவர் என்று தலவரலாறு போற்றும் அறப்பளீசுவரரின் திருக்கோயில் அங்குள்ளது. மறைந்த என் இல்லாள் தரிசிக்க ஏங்கிய தலம். யாத்திரையை ஒரு நாள் நீட்டினேன்.

மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தள்ளியேனும் ஏறிவிடலாம், இறங்குவதில்தான் அச்சம். நெடுஞ்சரிவில் விடாது அழுத்தினால் பிரேக் கட்டை சூடேறிப் பிடி தளரும். 66 வயதுக் கைகளும் அவ்வாறே. எனினும், யாத்திரை முழுவதும் மிதித்தே செல்வேன் என்ற உறுதியை விடுவதா? இரவெல்லாம் உறக்கமில்லை. அந்த உறுதி அவளுக்காகவா, என் பெருமைக்காகவா என்று கேட்டுக்கொண்டதும் தெளிவு பிறந்தது.

விடியலில் சேந்தமங்கலம் வழியே அடிவாரமான காரவள்ளிவரை மிதித்தேன். அங்கு வண்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் பேருந்தில் ஏறினேன். சந்நிதியில் இருவருக்குமாக நின்று தொழுதேன்.

அருகிலுள்ள ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அன்பர்கள் ஈசனைத் தரிசித்து, அந்த மட்டில் நிறைவுகொள்வது நலம். அடியேனும் அவ்வாறே திரும்பினேன்.