ஒரு வட்டம், ஐந்து கோடு

வடபழனியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது அந்த அறை. நான்கு மேசை, நான்கு கணினி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு டிராயிங் டேப்லெட். பகலில் இங்கே வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்களுக்கு 'இன்பிட்வீன்' வேலை நடக்கிறது. ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வேறு யாரோ வரைந்து அனுப்புவார்கள். இடைப்பட்ட படங்களை இவர்கள் நிரப்பித் தருவார்கள். பொழுது சாய்ந்தபின் வரைவதெல்லாம் சொந்தப் படம்: யூடியூபுக்கான ஒரு நிமிட நகைச்சுவை. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

திரையில் ஒரு குச்சி மனிதன். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கும் கைகால்களுக்கும் ஐந்து கோடு, கண்ணுக்கு இரண்டு புள்ளி. டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். மறு ஓரத்தில் இருந்த பருத்த மனிதர் எழுந்து போக, பெஞ்ச் குடை சாய்கிறது. அவ்வளவுதான் கதை. வரைந்த பெண் ஓட்டிக் காட்டினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"டைமிங் உட்காரலண்ணா" என்றார் அவரே.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவர் எழுந்ததுமே கவுந்துடுதும்மா. கொஞ்சம் நிறுத்து. விழப்போறோம்னு அவனுக்குத் தெரியட்டும்."

நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். சின்னப் படங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. பருத்தவர் எழுந்த இடத்தில் அந்தப் பெண் 10 பிரேம் எந்த அசைவுமில்லாமல் விட்டார். பிறகு கண்புள்ளிகள் இரண்டையும் காலியான பக்கம் நகர்த்தினார். அதன் பின்தான் பெஞ்ச் சாய்ந்தது. மறுபடி ஓட்டினார். அறையே சிரித்தது. நானும்தான். கோடு ஒன்றுகூடக் கூடவில்லை. கூடியது அரை நொடிக்கும் குறைவான அசையாமையும் ஒரு பார்வையும்தான்.

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். இணையத்தில் பார்த்த படங்களைத்தான் சொன்னார்கள். அமெரிக்க இளைஞர் ஆலன் பெக்கர் 2006-ல் வெளியிட்ட 'அனிமேட்டர் வெர்சஸ் அனிமேஷன்' அவற்றில் ஒன்று. அதில் குச்சி மனிதன் தன்னை வரைந்தவரோடும் வரைந்த மென்பொருளோடும் சண்டைக்கு நிற்கிறான். இன்னொன்று 2008-ல் யூடியூபுக்கு வந்த 'சைமன்ஸ் கேட்'. இங்கிலாந்தின் சைமன் டோஃபீல்ட், ஃபிளாஷ் மென்பொருளைப் பழகிக்கொள்வதற்காக வரைந்த படம் அது. பசித்த பூனை, தூங்கும் எஜமானரை எழுப்பப் படாத பாடு படுகிறது. தன் வீட்டுப் பூனையைப் பார்த்தே வரைந்தார். பூனையின் குரலையும் தானே கொடுத்தார். வண்ணமில்லை, வசனமில்லை. பூனை வளர்ப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் தன் வீட்டையே அதில் பார்த்தார்.

இந்த எளிமைக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்த காலத்தில், கோடுகளைக் கணித வடிவில் சேமித்த ஃபிளாஷ் கோப்புகள் சிறியவையாக இருந்தன. கோடு குறைந்தால் படம் சீக்கிரம் வந்து சேரும். ஃபிளாஷ் பிளேயர் 2020 இறுதியோடு நின்றுபோனது. அது வளர்த்த சிக்கனம் நிற்கவில்லை.

"பெரிய கம்பெனிப் படம் பார்த்தா பயம் வருது சார். இதைப் பார்த்தா கை துறுதுறுங்குது" என்றார் அந்தப் பெண். கட்டணம் கட்டி அனிமேஷன் படிக்க வசதியில்லாதவர் அவர். அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய படத்தில் ஒளி, நிழல், முடியிழை என்று ஆயிரம் வேலைகளுக்குள் சிரிப்பின் சூட்சுமம் மறைந்துவிடும். குச்சிப் படத்தில் மறைவதற்கு இடமே இல்லை. எங்கே நிறுத்தினார்கள், எதைப் பார்க்க வைத்தார்கள் என்பது வெட்டவெளிச்சம். தொடக்கநிலைக் கலைஞருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய படங்களில் மூழ்கிக் கிடந்தால் திட்டாதீர்கள். கணினியில் யூடியூப் படத்தை நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் அது ஒவ்வொரு பிரேமாக நகரும், அதைச் சொல்லிக்கொடுங்கள். கிரிட்டா, பென்சில்2டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை இறக்கிக் கொடுத்து, வீட்டில் இன்று நடந்த ஒரு வேடிக்கையை வரையச் சொல்லுங்கள்.