எந்தக் கடலை?

வத்தேகமப் பகுதியில் தமிழ்த் தாய்மார் பலர் தமது பிள்ளைகளைச் சிங்கள முன்பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் தமிழ், முன்பள்ளியில் சிங்களம். பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். சிரமம் தாய்மாருக்குத்தான். சமூகவியல் படித்த காலத்தில் மொழியை உரிமை என்றும் அடையாளம் என்றும் படித்தேன். ஒரு சொல் பிள்ளையின் மூச்சோடு சம்பந்தப்பட்டது என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகே கண்டேன்.

எனக்குப் பழக்கமான தோட்டத்துத் தாய் ஒருவரின் நான்கு வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. ஒருமுறை சாப்பிட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இழுப்பும் வந்திருக்கிறது. இனிமேல் கொடுக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தாய் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆசிரியையிடம், "கடல கன்ன பே" என்று சொல்லி வைத்தார். ஆசிரியையும் கவனமாகவே இருந்தார். அவித்த கடலை கொடுக்கும் நாட்களில் அவனுக்கு மட்டும் பிஸ்கட் கொடுத்தார்.

ஒருநாள் இன்னொரு பிள்ளை தன் பிறந்தநாளுக்குக் கச்சான் அல்வா கொண்டுவந்து பகிர்ந்தது. சிறிது நேரத்தில் இவனுக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. ஆசிரியை முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

"நான் சொல்லித்தானே மிஸ் வச்சேன்" என்று அந்தத் தாய் என்னிடம் அழுதார். ஆசிரியையும் அழுதார். இருவர் சொன்னதும் உண்மை. சிங்களத்தில் 'கடல' என்றால் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்கு 'ரட்டகஜு' என்று பெயர். வெறும் 'கஜு' என்றால் மரமுந்திரி. நம்மவரிலேயே சிலர் கச்சான் என்கிறோம், சிலர் கடலை என்கிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. ஸ்பானிய மொழியிலும் நிலக்கடலைக்கு ஸ்பெயினில் 'ககாவெத்தே' என்றும், தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'மனீ' என்றும் பெயர். அதனால் ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு வெளிநாடு செல்லும் பெற்றோர் அந்தந்த நாட்டு மொழியில் எழுதிய அட்டையைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 'ஆகாது' என்று நாம் எத்தனையோ விடயங்களுக்குச் சொல்கிறோம். சூடு, குளிர், கிரந்தி எல்லாம் அதில் அடங்கும். 'கன்ன பே' என்பதும் அப்படியே. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றுகூட விளங்கலாம். ஆகவே, சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாய்க்கு நாங்கள் எழுதிக்கொடுத்தது இதுதான்:

"மகே தருவாட்ட ரட்டகஜு கன்ன பே. கேவொத் ஹுஸ்ம கன்ன பரி வெனவா. இக்மனட்ட இஸ்பிரிதாலெட்ட கெனியன்ன."

என் பிள்ளை நிலக்கடலை சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் மூச்சு எடுக்க முடியாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்பது இதன் பொருள். சிங்கள எழுத்தில் ஒரு பிரதியை ஆசிரியையிடம் கொடுத்தோம். கூடவே நாலு நிலக்கடலையையும் கையில் காட்டினோம். பொருளைக் காட்டினால் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

சகோதரிகளே, முட்டை (பித்தர), பால் (கிரி), இறால் (இஸ்ஸோ), எள் (தல) என்று உங்கள் பிள்ளைக்கு எது ஒவ்வாதோ, அதன் சிங்களப் பெயரைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். முன்பள்ளிக்கும், பக்கத்து வீட்டுக்கும், பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். மூச்சு இழுத்தால் அரிப்புக்குக் கொடுக்கும் பாணி மருந்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்நேரத்தில் உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. அந்த உரிமையை எல்லா இடத்திலும் கேட்போம். ஆனால் பிள்ளையின் தொண்டை வீங்கும்போது சட்டம் பேச நேரமிருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கும் மூன்று வசனங்களை இன்றே எழுதி வைப்போம்.