வடு மாறா வீரன்

போர்க்களத்தில் ஒருமுறை தோற்றவன் மறுமுறை கதைக்குள் நுழையும்போது பழைய மனிதனாகவே நுழைவதில்லை. அவனை மீண்டும் அழைத்து வருவோர் தமது காலத்துக்கு வேண்டிய முகமொன்றை அணிவித்தே அழைத்து வருகின்றனர். காவியத்துக்கும் கூத்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இன்றைய இளைஞர் கணினியிலும் கைபேசியிலும் ஆடும் சண்டை விளையாட்டுக்களுக்கும் பொருந்துவதாகும்.

யப்பானியக் கேப்கொம் நிறுவனம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர்' என்னும் விளையாட்டை உதாரணமாகக் கொள்ளலாம். அதிலே ஆடுவோன் இறுதியாக வெல்ல வேண்டிய எதிரி சகாட் என்னும் தாய்லாந்து வீரன். ஒற்றைக் கண்ணும் நெடிய உடலுமாக நிற்கும் அவனை வீழ்த்துவதோடு ஆட்டம் முடிந்துவிடும். 1991இல் இரண்டாம் விளையாட்டு வெளிவந்தபோது அவன் மீண்டும் வந்தான்; ஆனால் மார்பின் குறுக்கே பெரியதொரு வடுவுடன் வந்தான். முன்னைய ஆட்டத்தின் நாயகனான ரியூ கொடுத்த அடியின் தழும்பு அது. 1992இல் வந்த திருத்திய பதிப்பில், அதுவரை எதிரியாக மட்டுமே நின்றவனை ஆடுவோர் தமக்குரிய வீரனாகத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பும் உண்டாயிற்று. பின்வந்த பதிப்புக்களில் அவனது பழிவெறி தணிந்தது. தன்னை வென்றவனை மதிக்கும் பெருந்தன்மையும் அவனிடம் வளர்ந்தது. பகைவன் நாயகனானான், வடு மட்டும் மறையவில்லை.

தோற்ற எதிரி மீண்டும் மீண்டும் வருவதும், வருந்தோறும் வேறொருவனாவதும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோருக்குப் புதுமையன்று. டச்சுக் குடாவின் அருகே கடலுள் நீண்டு கிடக்கும் நிலமுனையிற் பிரெட்ரிக் கோட்டை அமைந்துள்ளது. அதன் வாயிலைக் கடந்து குன்றேறுவோர் கோணேசர் ஆலயத்தை அடைவர். ஆலயத்தின் அயலிற் செங்குத்தான பாறையொன்று கடலை நோக்கிப் பிளந்து நிற்கின்றது. அதற்கு 'இராவணன் வெட்டு' என்று பெயர். தன் தாய் இருந்த இடத்திலிருந்தே இறைவனை வழிபட வேண்டுமென்று விரும்பிய இராவணன், குன்றையே பெயர்த்துச் செல்ல முயன்றான் என்றும், அம்முயற்சி முறியடிக்கப்பட்ட வேளையில் அவனது வாள் பட்ட இடமே அப்பிளவு என்றும் ஊரவர் கூறுவர். நகரிலிருந்து அநுராதபுர வீதிவழியே சென்றால் அடையத்தக்க கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாய் இறந்தாள் என்று கேட்ட இராவணன் அவளுக்கு ஈமக்கடன் ஆற்றுவதற்காக உண்டாக்கப்பட்டவை அவை என்பது ஐதிகம். பெற்றோரை இழந்தோர் அந்தியேட்டிக் கிரியைகளுக்காக அங்குச் செல்லும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது.

இவ்விரு கதைகளிலும் சீதை இல்லை, இராமனும் இல்லை. இருப்பவள் ஒரு தாய். உலகம் பிறன்மனை கவர்ந்தவனாக அறிந்த ஒருவனைத் திருகோணமலை, தாய்க்காக மலையைத் தொட்ட மகனாகவே நினைவில் வைத்திருக்கின்றது. ஆயினும் மகனாக்கிய அக்கதையும் அவனை வென்றவனாக்கவில்லை என்பது நோக்கற்பாலது. குன்று பெயரவில்லை, தாயும் பிழைக்கவில்லை.

ஏனைய நூல்கள் இவ்வீரனுக்கு அளித்த முகங்களை ஒப்புநோக்கினால் மாற்றத்தின் அளவு விளங்கும். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பரின் இராவணனோ அவளைத் தீண்டாது, அவள் நின்ற நிலத்தோடு பெயர்த்துச் செல்கின்றான். தமிழ் மரபின் கற்புக் கோட்பாடு காவியத்தின் பெரும்பாவத்தையே ஒருவாறு திருத்தியமைத்தது எனலாம். விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய சமண இராமாயணத்திலே பத்துத் தலைகளுள் ஒன்பது உண்மைத் தலைகளல்ல. கழுத்து மாலையின் மணிகளில் தோன்றிய முகத்தின் நிழல்களே. மகாயான பௌத்த நூலாகிய இலங்காவதார சூத்திரத்தில் அவன் புத்தரை வரவேற்று ஐயங்களை வினவும் மாணவன். சம்பந்தரின் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாடல் அவனுக்குரியது. கோணமலைப் பதிகத்திலும் அவ்வாறே. அங்கு அவன் செருக்கினால் மலையெடுத்து, விரலால் அழுத்தப்பட்டு, பின் அருள் பெற்ற அடியவனாகின்றான்.

இத்தனை முகங்களுக்கும் இடையே மாறாது நிற்பது யாது? வான்மீகி அவனது தோள்களில் ஐராவதத்தின் கொம்புகள் பதிந்த தழும்புகளை வருணிக்கின்றார். கம்பர், திசையானைகளோடு பொருதபோது முறிந்த கொம்புகள் அவன் மார்பிலே தங்கியிருந்ததைப் பாடுகின்றார். அவை வீரத்தின் அணிகலன்கள். அதே வேளை உடலைத் துளைத்த புண்களின் அடையாளங்கள். இவற்றினும் ஆழமானதொரு வடுவை உத்தரகாண்டம் காட்டுகின்றது. கயிலையின் கீழ்க் கைகள் நசுங்கி அவன் அலறிய அலறலில் உலகங்கள் நடுங்கினவென்றும், அவ்வலறலின் காரணமாகவே இறைவன் அவனுக்கு 'இராவணன்' என்று பெயரிட்டான் என்றும் அது கூறும். ஆகவே அவனது பெயரே வலியிற் பிறந்த பெயர்; அழிக்க இயலாத தழும்பு.

இருபதாம் நூற்றாண்டு அவனுக்குப் புதிய பணிகளை வழங்கியது. தமிழகத்தில் 1946ஆம் ஆண்டு வெளிவந்த புலவர் குழந்தையின் இராவண காவியம் அவனைக் குற்றமற்ற தமிழ்ப் பேரரசனாக்கிற்று. 1948இல் அந்நூல் தடை செய்யப்பட்டது. 1971இல் தடை நீங்கியது. வெறும் பழங்கதையாயின் அரசொன்று அதற்கு அஞ்சியிராது. இலங்கையிலோ 1960களிற் பேராதனையிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. விடிய விடிய ஆடப்பட்ட நாட்டுக்கூத்தைச் சுருக்கி, நவீன மேடைக்கு ஏற்பச் செம்மைப்படுத்திய பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில், சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' வடமோடிக் கூத்தாக அரங்கேறியது. மகனையும் தம்பியையும் இழந்தும் களத்தைக் கைவிடாத ஒருவனின் அவலம் அதன் உயிர்நாடி. பல்லாண்டுகளின் பின்னர் மௌனகுரு மட்டக்களப்பிலே அக்கூத்தை மீண்டும் மேடையேற்றினார். அப்போது அதைக் கண்டோர் போரைக் கதையில் மட்டும் அறிந்தவரல்லர். மகனை இழந்த தந்தை அரங்கிலே தளர்ந்து நிற்கையில், அத்தளர்ச்சி இன்னதென்று அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டமும் தாளமும் முன்னிருந்தனவே ஆயினும், பார்ப்போரின் வாழ்வு மாறியபோது பாத்திரமும் மாறியது.

அண்மைக் காலத்திற் சிங்கள மக்களிடையேயும் இராவணன் புத்துயிர் பெற்றுள்ளான். மகாவம்சத்தில் அவனுக்கு இடமில்லை. எனினும் இன்று அவன் தீவின் ஆதிப் பேரரசன், மருத்துவன், விமானம் செலுத்திய முதல்வன் எனப் போற்றப்படுகின்றான். 2019ஆம் ஆண்டு விண்ணுக்கு அனுப்பப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதிக்கு 'இராவணா-1' என்று பெயரிடப்பட்டது. அதே ஆண்டிலேதான் கன்னியா நிலம் பற்றிய பிணக்கு திருகோணமலையில் நீதிமன்றம்வரை சென்றது. ஒருபுறம் அவன் பெயர் வானிற் சுற்றிக்கொண்டிருக்க, மறுபுறம் அவன் தாய்க்கு நீர்க்கடன் செய்ததாகச் சொல்லப்படும் மண்ணில் யார் உரிமையுடையோர் என்ற வழக்கு நிகழ்ந்தது.

எதிரியாக நின்றவனைத் தமக்குரியவனாகத் தெரிந்தெடுப்பது குற்றமன்று. ஒரு சமூகம் பகைவனென்று ஒதுக்கியவனிடத்தே தன் சாயலைக் காண்பது அறிவின் வளர்ச்சியுமாகலாம். இடர்ப்பாடு வேறோரிடத்திலுள்ளது. குற்றமற்ற தமிழ் மன்னன், குறையற்ற இலங்கை விஞ்ஞானி என்னும் இருவரும் வேறு வேறு மேடைகளில் நின்று பொருதுவதுபோலத் தோன்றினும், அவர்களிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இருவர் மார்பிலும் வடு இல்லை. செருக்கினால் மலையைத் தொட்டு அலறிய கைகள் இருவருக்கும் இல்லை. தவறு செய்யாதவன் எதையும் கற்க வேண்டியதில்லை. தோல்வியறியாதவன் எவருக்காகவும் அழ வேண்டியதில்லை. அத்தகையோனைக் கொடியில் எழுதலாம். அவனோடு வாழ்தல் அரிது.

துறைமுகப் பகுதியின் வரலாறும் வடுக்களாலேயே எழுதப்பட்டுள்ளது. 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை எழுப்பினர். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் குன்றின் அடிக்கடலில் மூழ்கிப் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். 1963இற் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பின்னர் வந்த உள்நாட்டுப் போர் 2009வரை நீடித்து, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்து வீடுகளிலும் இழப்பை வைத்துச் சென்றது. மீளக் கட்டப்பட்ட ஆலயம் இடிக்கப்பட்ட ஆலயத்தை மறைக்கவில்லை. கடலடியிற் கிடக்கும் தூண்களை அறிந்தே அடியார் மேலே வழிபடுகின்றனர். திரும்பி வருதல் என்பதன் பொருள் அதுவே.

ஆதலால், இராவணன் யாருக்குரியவன் என்ற வினாவைவிட, எந்த இராவணன் திரும்பி வருகின்றான் என்ற வினாவே இளந்தலைமுறைக்கு இன்றியமையாதது. போர் முடிந்த ஆண்டுகளிற் பிறந்து, அதன் கதைகளை மட்டும் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக வாயிலுக்கு வந்து நிற்கின்றனர். வென்றவன், தோற்றவன் என்ற இரு சொற்களுக்குள் அடங்காத ஒருவனை அவர்களுக்குக் காட்ட இந்த ஊரிடம் ஒரு கதை உண்டு. பேராசையும் தாயன்பும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்றும், தோல்வியை ஒளிக்காமலும் ஒருவன் பெருமையோடு நிற்கலாம் என்றும் அது கூறுகின்றது. அடுத்த பதிப்பில் அவனுக்கு எந்த முகத்தையும் வரையலாம். இறந்த தாய்க்கு நீர் வார்க்கும் அந்தக் கைகளில் மலை நசுக்கிய தழும்பையும் சேர்த்து வரைந்தால், எந்த மொழியிற் கதை சொல்லப்படினும், தாயை இழந்த எவரும் அவனை அடையாளம் கண்டுகொள்வர்.