காணிக்கைப் பை

மத்தேயு 5-ஆம் அதிகாரம் 23, 24-ஆம் வசனங்களை ஓய்வுநாள் பள்ளியிலேயே ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். காணிக்கையோடு பலிபீடத்தருகே நிற்கும்போது, சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் அவனிடம் போ என்பது அவற்றின் சாரம்.

அண்ணனோடு எனக்கு அப்போது இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. தகப்பனார் வீட்டுப் பொதுச்சுவர்தான் காரணம். நியாயம் என் பக்கம். ஆகவே அந்த வசனம் எனக்கல்ல என்று இருந்துவிட்டேன். என் முகத்தில் விழிக்க விரும்பாமல் அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில், காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது திடுக்கென்றது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை; அவனுக்கு உன்மேல் இருந்தால் என்றே சொன்னார். நியாயம் யார் பக்கம் என்ற பேச்சே அங்கு இல்லை!

பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார்.

"என்னடே, கோயில் இன்னும் முடியலையே?"

"பாதியிலே வந்துட்டேன், அண்ணே."

சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு வழிவிட்டு நின்றார்.

சுவர் விவகாரம் அன்று தீரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, காணிக்கைப் பை அண்ணன் கையிலிருந்துதான் என் கைக்கு வந்தது.