பன்னிரண்டு கிலோமீட்டர் பரீட்சை

ராஜபாளையத்தில் வீட்டு ஷெட்டிலேயே ஒரு பழைய யெஸ்டியைப் பிரித்துப் பூட்டியவருக்கு, அசல் பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில்தான். தூரம் சுமார் 12 கிலோமீட்டர்.

யெஸ்டியைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. 2022-ல் வந்த புது யெஸ்டி ஃபோர் ஸ்ட்ரோக். அதன் என்ஜின் சாமான் இதற்கு ஆகாது. தேடிப் பிடித்த பிஸ்டனை, சிலிண்டரை ரீபோர் செய்து மாட்டினால் மட்டும் போதாது. கிராங்க் ஆயில் சீல்களையும் மாற்ற வேண்டும். அதன் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, என்ஜின் சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். மாதக்கணக்கான உழைப்பு போச்சு!

பெட்ரோலோடு கலக்கும் ஆயிலைப் புது பிஸ்டனுக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, கியர் லிவரை உள்ளே அமுக்கி நிமிர்த்தினால், அதுதான் கிக்கர். ஓர் உதை... 'டப டப'வெனப் புகை கிளம்பும்.

இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர, பறக்கத் தோன்றும். கூடாது! மிதமான வேகம், நடுவில் நிழல் பார்த்து நிறுத்தி, என்ஜினை ஆறவிட வேண்டும்.

ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் கண்ணில் பட்டால் பாதி பாஸ். பால்கோவா வாங்கிவந்து உதைத்ததும் வண்டி மறுபடி கிளம்பினால், முழு பாஸ்!